பிந்திய ஒரு திருத்தம்

பத்திரிகைகளில் தவறு முதற்பக்கத்தில் வரும். அதற்கான திருத்தம் நான்கு நாள் கழித்து உட்பக்கமொன்றின் அடியில், மரண அறிவித்தல்களுக்கு மேலே, பொடி எழுத்தில் வரும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இத்தொழிலில் இருந்தவன் என்ற வகையில் அத்தகைய பொடி எழுத்துகள் பலவற்றை நானே எழுதியிருக்கிறேன். எழுதவேண்டியிருந்தும் எழுதாமல் விட்ட திருத்தம் ஒன்றும் உண்டு. அதன் வயது இப்போது இருபதைத் தாண்டிவிட்டது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டபோது நான் மல்லாவியில், சின்னம்மாவின் வீட்டில் இருந்தேன். மழை சற்று விட்டிருந்தது, காற்று விடவில்லை. மின்சாரம் இல்லை. தொலைபேசிச் சமிக்ஞை கிடைத்த சிறு பொழுதில் சின்னம்மாவின் மகன் எனக்குப் படமொன்றைக் காட்டினான். இலங்கைக் கடற்படையின் 75ஆவது ஆண்டு விழாவுக்காகக் கொழும்புக்கு வந்திருந்த இந்திய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், தன்னிடமிருந்த சேதக் உலங்குவானூர்திகளை மீட்புப் பணிக்கு அனுப்பியிருந்தது. அந்தச் செய்தியோடு வந்த படம்.

படத்தைக் காட்டிய கையில் இரண்டு விரல்களே உள்ளன. தொலைபேசியை அந்த இரண்டு விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் இடையில் செருகி வைத்துக்கொண்டு அவன் கேட்டான்:

"அண்ணை, உந்தக் காத்துக்குள்ள இவங்கள் பறக்கிறாங்கள். அண்டைக்கு ஏன் அவங்கள் திரும்பிப் போனவங்கள்?"

விடை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். அவனுக்குத்தான் சொல்லியிருக்கவில்லை.

2004ஆம் ஆண்டு ஆடி மாதம். போர்நிறுத்தக் காலம். ஏ-9 பாதை திறந்திருந்தது. வன்னி இளைஞர்கள் சிலர் கொழும்பு முகவர்கள் ஊடாகக் கப்பல் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். தம்பியும் போனான். தூத்துக்குடியிலிருந்து வளைகுடாவுக்குப் புறப்பட்ட ஒரு சரக்குக் கப்பலில் தளத்து மாலுமி. மினிக்கோய்த் தீவைக் கடந்து வடமேற்காகத் திரும்பிய மறுநாள், சரக்கறை மூடியொன்றைச் சரிசெய்யும்போது அவனுடைய இடது கை அதில் அகப்பட்டு நசிந்தது. கப்பலில் மருத்துவர் இல்லை. அவசர அழைப்பைக் கேட்டு ஒரு போர்க்கப்பல் பதிலளித்தது. அதிலிருந்து உலங்குவானூர்தி வந்தது. தலைக்கு மேலே நின்றது. விலகிப் போய்ச் சுற்றிவந்து மறுபடியும் நின்றது. பிறகு திரும்பிப் போய்விட்டது. அவனைத் தூக்கியெடுத்தது மறுநாள் காலையில்தான். அதற்குள் மூன்று விரல்களைக் காப்பாற்றும் காலம் கடந்துவிட்டிருந்தது.

மல்லாவியில் சின்னம்மாவுக்கு இந்தச் செய்தி முகவர் ஊடாக, தொலைபேசி நிலையம் ஒன்றின் வழியாக, துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தது. அன்றிரவு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. தொண்ணூறுகளில் உலங்குவானூர்தியின் சத்தம் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் ஓடியவர் அவர். சோளகக் காற்று வீசும் மாதங்களில் முல்லைத்தீவுக் கடற்பக்கமிருந்து வருவது தலைக்கு அண்மையில் வந்த பிறகே கேட்கும், காற்று சத்தத்தை அந்தப் பக்கமே தள்ளிவிடும் என்று அயலவருக்குக் கற்றுக்கொடுத்தவர். "மோனை, சீவியத்தில முதல் தடவையா அது வரவேணுமெண்டு கும்பிட்டனான். வந்திட்டுத் திரும்பிப் போட்டுதாம்" என்றார்.

நான் அப்போது ஒரு நாளிதழில் வாரப் பத்தி எழுதிவந்தேன். அந்த வாரப் பத்திக்குத் தலைப்பு: 'ஏழைக் கைக்கு இறங்காத இறக்கை'. மூன்றாம் உலக நாட்டு மாலுமியின் கைக்காக எவரும் தம் இயந்திரத்தைப் பணயம் வைக்கமாட்டார்கள் என்பது அதன் சாரம். ஒரு பணக்கார நாட்டுக் கப்பல் அதிகாரியின் கை நசிந்திருந்தால் அந்த இறக்கை இறங்கியிருக்காதா என்று முடித்திருந்தேன். ஆசிரியருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான். தலைப்பில் மோனை வேறு விழுந்திருந்தது. அந்த மயக்கத்தை என்னவென்று சொல்ல!

இரண்டு வாரம் கழித்து வேலூர்ப் பக்கத்திலிருந்து நான்கு பக்கக் கடிதம் ஒன்று வந்தது. எழுதியவர் இந்தியக் கடற்படையில் சேதக் வானூர்திகளைப் பராமரிக்கும் தொழில்நுட்ப வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அரக்கோணத்திலுள்ள ராஜாளி கடற்படை வான்தளத்தில், அதாவது கடற்படையின் உலங்குவானூர்திப் பயிற்சிப் பள்ளி இருக்கும் இடத்தில், சில காலமும், சுகன்யா வகைக் கப்பல்களில் சில காலமும் பணியாற்றியவர். என் பத்தியை இணையத்தில் படித்திருக்கிறார். கோபப்படவில்லை. கேள்விகள் மட்டும் கேட்டிருந்தார். அன்று காற்று எத்தனை நொட்? அது ஒரே சீரானதா, வீச்சு வீச்சாக வந்ததா? சரக்குக் கப்பல் எந்தத் திசையில், எந்த வேகத்தில் ஓடியது? போர்க்கப்பலின் இறங்குதளம் எவ்வளவு நீளம்? "இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காமல் விமானியின் மனத்தில் இருந்ததை மட்டும் எப்படி அறிந்துகொண்டீர்கள், ஐயா?" என்று முதற்பக்கம் முடிந்திருந்தது.

இரண்டாம் பக்கத்தின் முதல் வரி: "உங்கள் தம்பியைத் தூக்குவது பாதி வேலை. தூக்கியபின் தன் கப்பலில் திரும்ப இறங்குவது மறுபாதி."

அந்த மறுபாதி என் எண்ணத்தில் ஒருபோதும் வந்ததில்லை. வாசகர்களில் பலருக்கும் வந்திராது. படங்களில் பார்க்கிறோம்: கப்பலின் பின்புறத்தில் வட்டம் வரைந்த ஒரு தளம், அதன்மேல் வானூர்தி மெல்ல இறங்கும். தரையில் இறங்குவது போலத்தான் என்று தோன்றும். அந்தத் தளத்தின் முன்னால் சுவர்போல நிற்கும் ஹங்கரைக் கவனிப்பதில்லை.

போர்க்கப்பலின் முன்பகுதியில் பாலம், கம்பம், புகைபோக்கி, ஆயுதங்கள். அவற்றின் முடிவில் வானூர்தியை நிறுத்தும் ஹங்கர். ஹங்கரின் பின்சுவர் செங்குத்தாக இறங்கித் தளத்தில் முடியும். கப்பல் காற்றை எதிர்த்து ஓடும்போது இந்தக் கட்டடங்களின் மேலால் வரும் காற்று, ஹங்கரின் கூரை விளிம்பில் வந்ததும் வளைந்து கீழே இறங்காது. கூர்மையான விளிம்பில் காற்றுக்குத் திரும்பத் தெரியாது. விளிம்பைவிட்டுப் பிரிந்து நேரே போகும். கீழே ஒரு வெற்றிடம் போன்ற பகுதி உண்டாகும். அதை நிரப்பக் காற்று பின்னாலிருந்து முன்னோக்கிச் சுருண்டு வரும். அதாவது தளத்தின் மேலே காற்று ஒரு திசையிலும் தளத்தை ஒட்டி எதிர்த்திசையிலும் ஓடும். இரண்டுக்கும் இடையில் சுழிகள் உருண்டுகொண்டே இருக்கும். பிரிந்த காற்று ஹங்கர் உயரத்தின் ஓரிரு மடங்கு தூரத்தில் மறுபடி தளத்தைத் தொடும். வானூர்தி இறங்கவேண்டிய வட்டம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கும். சிறிய கப்பல்களில் வேறு இடம் கிடையாது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அப்புவின் களம்.

வவுனிக்குளத்தின் கீழ்க் காணி பெற்று மல்லாவிப் பக்கம் குடியேறிய முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் அப்பு. சிறுபோக வெள்ளாண்மை வெட்டி, சூடு வைத்து, சூடடித்து, பொலி தூற்றும் காலம் சோளகத்தோடு ஒத்துப்போகும். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று இல்லாவிட்டால் பதர் பிரியாது. சுளகைத் தலைக்கு மேலே உயர்த்திச் சரித்தால் நெல் நேரே விழும். பதர் தள்ளிப்போய் விழும். ஆனால் சூட்டின் மறைவில் நின்று தூற்றினால் பதர் போகாது. சற்றுத் தூரம் போய்ச் சுருண்டு திரும்பி வந்து நெல்லின் மேலேயே விழும். சிறுவனாக இருந்தபோது இதை வியந்து பார்த்திருக்கிறேன். சூட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் முகத்தில் காற்றே இல்லை, கால்மாட்டில் கிடக்கும் வைக்கோல் துரும்பு மட்டும் காற்றுக்கு எதிராக ஊர்ந்து வரும். "சூட்டைவிட்டு விலகி நில், அங்கை காத்து செத்துப்போய்க் கிடக்கு" என்பார் அப்பு. செத்துப்போன காற்று அல்ல அது. முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும் காற்று. எனினும் விலகி நிற்கச் சொன்னது சரிதான்.

வேலூர்க்காரரை நான் நேரில் சந்தித்தது 2011இல், சென்னைக்கு வேறு அலுவலாகப் போயிருந்தபோது. அவருடைய வீட்டு மேசையில் செங்கல் ஒன்றை வைத்தார். முன்னால் மேசை விசிறி. செங்கலின் மேல் விளிம்பில் ஊதுபத்தி. புகை விளிம்பைத் தாண்டிப் போய், பின்னால் சுருண்டு, செங்கலை நோக்கியே திரும்பி வந்தது. சூட்டுக்குப் பின்னால் வந்த அதே பதர். "இது சீரான காத்து சார். இதைக் கத்துக்கிட்டா எந்த விமானியும் இறங்கிடுவான்" என்றார். பிறகு ஒரு தடித்த அட்டையை விசிறிக்கு முன்னால் பிடித்துச் சட்டென்று எடுத்தார். சுருள் உடைந்தது. புகை ஒரு கணம் மேசையோடு அறைந்தது, பிறகு மேலே எறியப்பட்டது, இரண்டு மூன்று சுருள்களாகப் பிய்ந்து, வெகுநேரம் கழித்துத்தான் பழைய வடிவத்துக்கு வந்தது. "இப்போ சொல்லுங்க, இதுல எங்கே இறங்கச் சொல்றீங்க?"

வானிலை அறிக்கைகளில் நாம் கேட்கும் வாசகம் ஒன்று உண்டு: காற்று மணிக்கு 50 முதல் 60 கிலோமீற்றர் வேகத்தில், இடையிடையே 70 கிலோமீற்றர் வரை வீசும். முதல் எண் சராசரி. உலக வழக்கில் அது பத்து நிமிடக் கணக்கு. இரண்டாவது எண் வீச்சு; மூன்று விநாடிச் சராசரிகளில் உச்சமானது. கடலோர மக்கள் முதல் எண்ணைப் பார்த்துத் தோணி இறக்குவதா என்று தீர்மானிப்பார்கள். இறங்குதளத்துக்கு மேலே நிற்கும் விமானியின் உயிர் இரண்டாவது எண்ணில் இருக்கிறது.

ஏன் என்பதற்கு அவர் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். பள்ளிக்கூடக் கணக்குத்தான். கப்பல் வடக்கு நோக்கி 10 நொட் வேகத்தில் போகிறது. மேற்கிலிருந்து 10 நொட் காற்று. தளத்தில் நிற்பவருக்கு இரண்டும் சேர்ந்து, இடது முன்புறம் 45 பாகையிலிருந்து சுமார் 14 நொட் காற்றாகப் படும். இப்போது ஒரு வீச்சு வந்து காற்று 20 நொட் ஆகிறது. கப்பலின் வேகம் மாறவில்லை. தளத்தில் படும் காற்று சுமார் 22 நொட். வரும் திசை 45 பாகையிலிருந்து 63 பாகைக்குத் திரும்பிவிடும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால் விசை இரண்டரை மடங்கு. இரண்டரை மடங்கைக்கூடத் தாங்கலாம். திசை திரும்பியதுதான் ஆபத்து. முன்னாலிருந்து ஹங்கரின் கூரையைத் தாண்டி வந்த காற்று இப்போது அதன் பக்கச் சுவரின் நிமிர்ந்த விளிம்பைச் சுற்றி வருகிறது. சுழிகள் வேறு இடத்தில், வேறு அளவில் உருவாகின்றன. வானூர்தியின் பாதி இறக்கை மறைவுக்குள்ளும் மறுபாதி திறந்த காற்றிலும் அகப்பட்டால் அது ஒரு பக்கம் சரியும்.

எல்லாம் ஒரே கணத்தில் நடப்பதுமில்லை. 100 மீற்றர் நீளமான கப்பலை, விநாடிக்கு 15 மீற்றர் வேகத்தில் வரும் வீச்சு முனையிலிருந்து கடைசி வரை கடக்க ஏறத்தாழ ஏழு விநாடி எடுக்கும். அந்த ஏழு விநாடியில் முன்புறம் புதிய காற்றில் இருக்கும், பின்தளம் பழைய காற்றில் இருக்கும். வீச்சு கடந்த பின்னும் தளத்துச் சுழிகள் அடங்கி ஒழுங்குபட மேலும் நேரம் செல்லும். அதற்குள் அடுத்த வீச்சு வந்துவிடலாம். கம்பத்து உச்சியிலுள்ள காற்றுமானியோ நடந்து முடிந்ததன் சராசரியைத்தான் பாலத்திலுள்ளவர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கும்.

மனிதக் கையின் வேகத்தோடும் இதற்கு ஒரு தொடர்பு இருக்கிறது. மிக வேகமாக அடிக்கும் சிறு அலைப்பு வானூர்தியை அதிரவைக்கும், அவ்வளவே. மெதுவாக மாறும் காற்றை விமானி ஆறுதலாகச் சரிசெய்துகொள்வார். தொல்லை தருவது அரை விநாடிக்கும் ஐந்து விநாடிக்கும் இடையில் ஒரு தடவை வந்து போகும் மாற்றம். அது விமானி கையை அசைத்துத் திருத்தும் கால அளவோடு ஒத்துப்போகிறது. ஒரு தள்ளலுக்கு எதிராகக் கையை நகர்த்தி முடிப்பதற்குள் மறு தள்ளல் எதிர்ப்பக்கமிருந்து வரும். கப்பலின் சுழிகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் உருளுகின்றன. அதனாலேயே ஒவ்வொரு வகை வானூர்தியையும் ஒவ்வொரு வகைக் கப்பலோடும் சேர்த்துக் கடலில் வாரக்கணக்கில் சோதித்து, எந்தத் திசையில் எவ்வளவு காற்றுவரை இறங்கலாம் என்ற எல்லையை வரைந்து வைக்கிறார்கள். சோதனை விமானி ஒவ்வொரு இறக்கத்துக்கும் தாம் பட்ட பாட்டுக்கு மதிப்பெண் கொடுப்பார். அந்த எல்லைக்கோடு சிலந்தி வலைபோன்ற ஒரு வட்டப் படத்தில் இருக்கும். ஆனால் அது சராசரிக் காற்றுக்கு வரைந்தது. வீச்சுக்கென்று கொஞ்சம் ஒதுக்கிவைப்பார்கள். மீதி விமானியின் மதிப்பீடு.

இறங்கிய பிறகும் ஆபத்து தீர்வதில்லை என்பது எனக்குப் புதிய செய்தி. சுழலிறக்கை முழு வேகத்தில் சுற்றும்போது அதன் சுழற்சியே தகடுகளை இழுத்து விறைப்பாக வைத்திருக்கும். நிறுத்தும்போதும் தொடங்கும்போதும் வேகம் குறைந்து அவை தளர்ந்த நிலையில் இருக்கும். அந்நேரம் ஒரு வீச்சு வந்தால் தகடு மேலே எழுந்து, பின் கீழே வந்து வானூர்தியின் உடலையே வெட்டும். அமெரிக்கக் கடற்படையின் சீ நைட் என்னும் இரட்டைச் சுழலி வானூர்திகளில் 1960களிலிருந்து நூறு தடவைக்கு மேல் இப்படி நடந்திருக்கிறது. சத்தம் அடங்கட்டும் என்று மனிதர் காத்துநிற்கும் அந்த அரை நிமிடத்தில்தான்.

இவற்றுக்கெல்லாம் மனிதர் சும்மா இருக்கவில்லை. கனடாக்காரர் 1960களிலேயே வானூர்தியிலிருந்து கம்பி இறக்கி, தளத்திலிருந்து அதை இழுத்துப் பிடித்து இறக்கும் ஒரு பொறியைக் கொண்டுவந்தார்கள். 'கரடிப் பொறி' என்று பெயர். வேறு கடற்படைகள் வானூர்தியின் வயிற்றிலிருந்து ஈட்டிபோன்ற ஒன்றை இறக்கித் தளத்து வலைக்கம்பியில் கொளுவிக்கொள்ளும் முறையைக் கையாள்கின்றன. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கணினியில் கப்பற் காற்றை உண்டாக்கி, அதற்குள் மாதிரி விமானி அறையை ஆட்டிப் பார்க்கிறார்கள். நமக்கு அண்மையில் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையிலும் தில்லி ஐ.ஐ.டி.யிலும் இந்தச் சுழிகளைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். ஹங்கர் விளிம்புகளை உருட்டுவது, விளிம்பில் தடுப்புகள் வைப்பது என்று பல யோசனைகள். சீரான காற்றில் இவை ஓரளவு உதவுகின்றன. வீச்சு வந்து திசையை மாற்றிவிட்டால் எந்த விளிம்பை உருட்டுவது?

வேலூர்க்காரர் பணியாற்றிய சுகன்யா வகைக் கப்பல் 101 மீற்றர் நீளம். பின்தளத்தில் ஒரு சேதக். அந்த வகையைச் சேர்ந்த சரயு என்ற கப்பல் 2000ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொடுக்கப்பட்டு 'சயுர' ஆயிற்று. "உங்க ஊர்க் கப்பலைத்தான் சார் சொல்றேன்" என்று சிரித்தார். அது எங்கள் ஊரார் எவ்வளவு 'எங்கள்' கப்பல் என்பதை நான் அவருக்கு விளக்க முற்படவில்லை. முழுச் சுமையோடு 2,200 கிலோ எடையுள்ள சேதக்குக்கு விக்ராந்தின் 262 மீற்றர்த் தளம் ஒரு மைதானம். அங்கே அது கட்டடத்தின் மறைவை விட்டு விலகி நிற்கலாம். சூட்டைவிட்டு விலகி நில் என்று அப்பு சொன்னதுபோல. சிறிய கப்பலில் விலகினால் கடல்.

தம்பியின் கேள்விக்கு விடையில் ஒரு பகுதி இது. மற்றப் பகுதி அவனிடமே இருந்தது. இத்தனை ஆண்டுகளில் நான் அவனிடம் கேட்டதெல்லாம் வலியைப் பற்றி, முகவரைப் பற்றி, இழப்பீட்டைப் பற்றி. காற்றைப் பற்றிக் கேட்டதில்லை. டித்வாவின் அந்த மாலைதான் முதன்முறையாகக் கேட்டேன்.

"அண்டைக்குப் பின்னேரம் காத்து எப்பிடி இருந்தது?"

அவன் யோசிக்கவே இல்லை. "மழைக்கால் மழைக்காலா வந்தது அண்ணை. ஒரு கறுப்பு முகில் வரும், படாரெண்டு அடிக்கும், பிறகு ஒண்டுமில்லை. பிறகு மற்றது வரும்."

"கப்பல்?"

"வடமேற்கை பாத்துப் போனது. காத்து இடப்பக்கத்தால. கப்பல் தொட்டில் மாதிரி ஆடினது. அவங்கள் கம்பி இறக்கினவங்கள். கொளுக்கி ஒருக்கா எங்கட தலைக்கு மேல நிண்டது, மற்ற நிமிசம் கடலுக்கு மேல நிண்டது. எங்களை அதைத் தொடக்கூடாதெண்டு சொன்னவங்கள், மின் அடிக்குமாம். தளத்தில முட்டினாப் பிறகுதான் பிடிக்கலாம். முட்டவே இல்லை."

"அடுத்த நாள் காலமை காத்துக் குறைஞ்சிட்டுதோ?"

"குறையேல்லை. முதல் நாளைவிடக் கூடத்தான் இருந்திருக்கும். ஆனா ஒரே சீரா அடிச்சது. கப்டன் கப்பலை மேற்கை திருப்பி மெதுவாக்கினவர். காத்து இடப்பக்க முன்மூலையால வந்தது. ஒரே தரத்தில தூக்கிப்போட்டாங்கள்."

வேலூர்க் கடிதத்தின் மூன்றாம் பக்கம் எனக்கு அப்படியே கண்முன் வந்தது. சரக்குக் கப்பல்களுக்கான சர்வதேசக் கையேட்டை மேற்கோள் காட்டி, நடுத்தளத்திலிருந்து ஆளைத் தூக்குவதானால் காற்று இடது முன்புறம் 30 பாகையில் வரும்படி கப்பலைத் திருப்பச் சொல்வார்கள் என்று அவர் எழுதியிருந்தார். விமானி வலது பக்கம் இருப்பதால், கப்பல் அவர் கண்ணுக்கு முன்னே இருக்கும். முதல் நாள் பிற்பகலில் கப்பலை ஏன் அப்படித் திருப்பவில்லை? கடல்மட்டம் விடவில்லையா, கப்டன் அஞ்சினாரா, சொல்லியும் கேட்கவில்லையா? இதை அன்றே, முகவரிடமும் அந்தக் கப்பலிலிருந்து இறங்கிய மற்ற மாலுமிகளிடமும் கேட்டிருக்கலாம். கேட்கவேண்டிய வேலையில் நான்தான் இருந்தேன். நான் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடிதத்தை வெளியிடவுமில்லை. "நீளம் கூடிவிட்டது" என்று ஆசிரியரிடம் சொன்னேன். நான்கு பக்கத்தை எட்டு வரியாகச் சுருக்குவதுதான் எங்கள் தொழில். அது எனக்கு மறந்துபோனதல்ல.

ஆகவே திருத்தம்: 2004 ஆடியில் நான் எழுதிய பத்தியில் அந்த விமானி ஒரு மாலுமியின் கையை மதிக்காமல் திரும்பினார் என்று எழுதியிருந்தேன். அப்படிச் சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இருக்கவில்லை. அவர் இரண்டு தடவை முயன்றார். பக்கவாட்டுக் காற்று வீச்சு வீச்சாக வந்தது. ஆடும் கப்பலின் மேல் நின்று தூக்கவேண்டியிருந்தது; தூக்கியபின், அதே வீச்சுகள் அடித்துக்கொண்டிருந்த தன் கப்பலின் தளத்தில், ஒரு காயக்காரரையும் சேர்த்து இறக்கவேண்டியிருந்தது. மறுநாள் காற்று சீரானதும் அவரோ அவருடைய தோழரோ வந்தார்.

இதையெல்லாம் தம்பிக்குச் சொல்லி முடிக்கையில் இருட்டிவிட்டது. சின்னம்மாவும் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "அப்ப அந்தப் பிள்ளையை நீ வீணாத் திட்டினனியோ?" என்று கேட்டார். விமானியைத்தான் சொல்கிறார். வெளியே காற்று ஒரு தரம் பலமாக அறைந்து, முற்றத்துப் பலாவை உலுக்கி, சட்டென்று ஓய்ந்தது. தம்பி பேசாமல் விரல்விட்டு எண்ணினான். பதினொன்று வரை போனபோது அடுத்தது வந்தது.

எழுதப்போகிறேன், உன் பெயரைப் போடமாட்டேன் என்று அவனுக்குச் சொன்னேன்.

"எழுதுங்கோ அண்ணை. காத்தின்ர திசையைச் சரியாப் போடுங்கோ" என்றான்.

மேற்குத் தென்மேற்கு.